வெண்பாவுக்குள் வந்த ஆறு

4 மே 1996, சனி
பல்லரோச் சந்தையில் சிவானுஜா மறித்தாள். "விக்னண்ணை, தம்பியின்ரை கல்வெட்டுக்கு நீங்கள்தான் பாட்டெழுத வேணும்." அவள் தம்பி கஜானன் ரஷ்யாவிலிருந்து களவாக நோர்வேக்குள் நடக்கும்போது, பனி உடைந்து ஆற்றுக்குள் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை; செத்தவரைப் பாடும் சிறு புத்தகமான கல்வெட்டை அன்றைக்குத்தான் வாசிப்பது. இத்தாலியின் இந்தப் பலெர்மோவில் வெண்பா தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் கேட்டதும் மனம் குளிர்ந்தது. செத்தவீட்டுக் காரியத்தில் என்ன குளிர்ச்சி?

7 மே
கஜானனோடு நடந்து வந்து தப்பிய ஜோக்கிம் நோர்வேயிலிருந்து போனில் கதைத்தான். "அந்த ஆத்தை இஞ்சை பஸ்விக் எண்டுறாங்கள், ரஷ்யாக்காரன் பாஸ் எண்டுறான், பின்லாந்துக்காரனுக்கு வேறை பேர்." பொலிதேயாமாப் பகுதியில் நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலிய அம்மா, சின்யோராவின் அட்லசில் பார்த்தேன். பின்லாந்து ஏரியில் புறப்பட்டு, எல்லையாக ஓடி, வடக்கே கடலில் விழுகிற மெல்லிய நீலக்கோடு.

9 மே
பஸ்விக் வெண்பாவில் உட்கார மறுக்கிறது. 'ஏனோ எடுத்தாய்' என்று தொடங்கிவிட்டேன், எதுகை வேண்டும். அதே அட்லசில் லேனா என்று ஓர் ஆறு. அதுவும் ரஷ்யா, அதுவும் வடக்கே ஓடுகிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

12 மே, ஞாயிறு
வாசித்தேன். சனம் அழுதது. "லேனா எண்ட இடத்திலை நெஞ்சு வெடிச்சிட்டுது" என்றார் பக்கத்தில் இருந்த ஏர்னஸ்ற். கேளாதவன்போல இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

21 யூலை
உடலைத் தேடித் தரச்சொல்லி சிவானுஜா ரஷ்யப் பொலிசுக்கு எழுதியிருந்தாளாம். லேனாக் கரை ஊர்களில் விசாரித்தோம், ஒருவரும் கிடைக்கவில்லை என்று பதில்.
"ஜோக்கிமைக் கேக்கேல்லையோ?" என்றேன்.
"நீங்கள் கேட்டுத்தானே அண்ணை எழுதினனீங்கள்?" என்றாள்.
லேனா எங்கே, பஸ்விக் எங்கே! அந்தப் பெட்டையைச் சைபீரியாவுக்கு அலைய விட்டிருக்கிறேன் — ஓர் எதுகைக்காக. வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். நானும் ஒரு மனிசனோ?

22 யூலை
சொல்லவில்லை.

28 யூலை
சொல்லிவிட்டேன். அவள் வேலை செய்யும் வீட்டு வாசலில், தலையைக் குனிந்துகொண்டு. ஏசுவாள் என்று நினைத்தேன். "அம்மாவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுறா" என்றாள், அவ்வளவுதான். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆற்றின் பெயர்களை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

13 ஒக்டோபர், ஞாயிறு
சிவானுஜா நோர்வேப் பொலிசுக்கு எழுதியதற்குப் பதில் வந்திருக்கிறது. பனி கரைந்தபின் பஸ்விக் கரையில் ஒரு பொடியனின் உடல் ஒதுங்கியதாம். ஆர் என்று தெரியாமல் அங்கேயே புதைத்திருக்கிறார்கள். அனுப்பிய படத்தில் இருக்கும் சங்கிலி கஜானனுடையது. அவனுக்குக் கல் வைக்கப் போகிறாள்.
சும்மா இருந்திருக்கலாம். "கல்லிலை போட நாலு வரி எழுதித் தரட்டோ?" என்று கேட்டுவிட்டேன்.
"வேண்டாம், அண்ணை" என்றாள், கோபமே இல்லாமல். "அவன்ரை பேரும் ஆத்தின்ரை பேரும் மட்டும் காணும். ஜோக்கிமைக் கேட்டுப் போடுறன்."