எறும்புக்கடி என்றேனே, அது பொய்

என் வாயாடிப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஒரு பல்லைத் தவிர மற்றபடி நான் நலம், நீயும் விழுந்து உடைத்துக்கொண்ட அந்தப் பல்லைத் தவிர மற்றபடி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், தலைக்கு மேல் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் நின்றதிலிருந்து வீடு ஏனோ பெரிதாகிவிட்டது. மரத்தூள் வாய்க்குள் போகக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் பட்டறையையும் இரண்டு வாரம் பூட்டி வைத்திருந்தேன், இப்போதுதான் ஒரு அலமாரியில் கை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "நீங்களே தனியாப் போய்ப் பல்லு வச்சுட்டு வந்துட்டீங்க, எனக்கென்னப்பா, காலையில வச்சுட்டு மத்தியானம் ஆபீஸ் போயிடுவேன்" என்றாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எறும்பு கடித்த மாதிரிதான் என்று நான் சொன்னதை நம்பித்தானே இப்படிக் கிளம்புகிறாய். அது பொய். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்காலியில் இருக்கும்போது வலி இல்லை, அது நிஜம். ஊசி சுருக்கென்று குத்தும், பிறகு தாடை வேறு யாருடையதோ போல ஆகிவிடும். எலும்பில் துளை போடும்போது மண்டை வரைக்கும் அதிரும், பயந்துவிடாதே, நாற்பது வருஷமாக நான் மரத்தில் செய்கிற வேலைதான், முதலில் சின்னத் துளை, பிறகு பெரியது, அப்புறம் திருகாணி, அதன் மேல் பல்லைச் சில மாதம் கழித்துத்தான் மாட்டுவார்கள். டாக்டர் அவசரப்படாமல் செய்தார், என் பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மரத்துப்போனது தெளியும்போதுதான் வலி வரும், எனக்கு மூன்று மணி நேரத்தில் வந்தது, அதற்கு முன்பே டாக்டர் தரும் மாத்திரையைப் போட்டுக்கொள். இரண்டாம் மூன்றாம் நாள் கன்னம் நன்றாக வீங்கும், கண்ணாடியைப் பார்த்து அழாதே. தையல் உறுத்தும், நாக்கு சும்மா கிடக்காமல் அங்கேயே போகும், விடாதே. முதல் நாள் சூடாக எதுவும் வேண்டாம், வாய் கொப்பளிக்காதே, கன்னத்தில் ஐஸ் விட்டு விட்டு வை. அப்புறம் நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறையாமல் ஏறினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, கடிக்க அங்கே பல்லும் இருக்காது.

இனிமேல் சொல்வதுதான் சொல்லாமல் மறைத்தது. "கூட யாரு வந்திருக்காங்க, தனியா அனுப்ப மாட்டோம்" என்று நர்ஸ் கேட்டாள். மகள் கீழே காரில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். நல்ல பெண், நம்பாமலோ என்னவோ வாசல் வரைக்கும் கூடவே இறங்கி வந்துவிட்டாள். அங்கே நின்ற ஏதோ ஒரு காரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். உள்ளே இருந்தது யார் பெற்ற பெண்ணோ, அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். நர்ஸ் மேலே போனதும் நான் மூன்று தெரு நடந்து வந்து, பூட்டைத் திறந்து, ஒழுகுகிற வாயோடு உட்கார்ந்தேன். வலியைத் தாங்கிவிடலாம் அம்மா, எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அதிகம் பேசக் கூடாது என்றார்கள், அதற்கு நான் கொஞ்சமும் கஷ்டப்படவில்லை.

கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாயோ என்னவோ, நான்தான் கூப்பிடவே இல்லையே. யாரையும் தொந்தரவு பண்ணாதே என்று சின்ன வயதிலிருந்து உன் காதில் ஓதியவனும் நான்தான், அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து மேசைக்காரி நல்லவள் என்றாயே, வெட்கப்படாமல் அவளைக் கூட வரச் சொல். இரண்டு நாளாவது லீவு போடு.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். போகும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, மறந்துவிடாதே. எனக்குத் திருகாணி மேல் பல் மாட்ட இன்னும் நாலு மாதம் ஆகும். அன்றைக்கு வலியே இருக்காதாம், துணைக்கு ஆளும் வேண்டாமாம். இருந்தாலும் நீ வா.

உன் அப்பா