வல்லை வெளியில் நின்ற லொறி

மே 9, 1973

லொறி இருமி இருமித்தான் படலைக்குள் வந்தது. வெங்காயச் சாக்கு இறக்கும்போது இவரிடம் சொன்னேன்: "பிளக் மாத்த வேணுமெண்டு கராச்சு நடராசா போன வருசமே சொன்னவன் எல்லே?" இவர் காது கேளாதவர் மாதிரிக் கை கழுவப் போய்விட்டார்.

முந்தி இப்படி இல்லை. கியர் கொஞ்சம் முனகினாலும் அன்றைக்கே சந்திக் கராச்சுக்குக் கொண்டு ஓடுகிற மனுசன். இப்போது என்ன வந்தது?

மே 21

இவர் நித்திரையாய் இருந்த நேரம் கராச்சுக்கார நடராசா வந்தான். எங்கள் லொறியின் வருத்தமெல்லாம் தெரிந்தவன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, "அக்கா, அண்ணை சுன்னாகம் சந்தைக்கும் யாழ்ப்பாணத்துக்கும்தானே ஓடுறார்?" என்றான்.

"ஓம். ஏன்?"

"கியர் ஒயில் தார் மாதிரிக் கிடக்கு. தொட்டால் கையிலை இரும்புத்தூள். இது கனதூரம் ஓடின வண்டி. நட்டெல்லாம் உப்புப் பிடிச்சு இறுகிப் போச்சு. கடற்கரைப் பக்கம் ஓடினால்தான் உப்பிடி வரும்." பிறகு, "மூண்டு நாளைக்கு லொறியைக் கராச்சிலை விடச் சொல்லுங்கோ. ஒரு செற் பிளக் பொத்தி வைச்சிருக்கிறன். இப்ப கொழும்பிலையும் உது எடுக்கேலாது" என்றான்.

கடற்கரையா? சண்டிலிப்பாயில் வெங்காயம் ஏற்றுகிறவருக்குக் கடற்கரையில் என்ன வேலை?

மே 22

கேட்டேன். மூன்று நாள் விடுவது பற்றி மட்டும்தான் கேட்டேன். மற்றதற்கு வாய் வரவில்லை.

"மூண்டு நாள் லொறி இல்லாமல் நான் என்னெண்டு இருக்கிறது?" என்று பாய்ந்தார். வெங்காயம்தான் முடிந்துவிட்டதே.

மே 30

பின்வளவில் இருந்த இதரைக் குலையைக் காணவில்லை. "சந்தைக்கு" என்றார். வீட்டு வாழைக்குலையை நாங்கள் ஒருநாளும் விற்றதில்லை.

தலை நரைத்த மனுசன். பேர் சொன்னால் நாலு பேர் எழும்பி நிற்கிற தில்லைநாதர். இந்த வயதில் இன்னொருத்தியா? சீ. எழுதவே கை கூசுகிறது. ஆனால் வேறு என்னவாக இருக்கும்?

யூன் 6

இராசநாயகத்தின் பிறந்தநாள்.

இந்த வீட்டில் அந்தப் பெயர் சொல்லக்கூடாது. பருத்தித்துறைக்குப் படிப்பிக்கப் போனவன், அங்கே கடலோடி வீட்டுப் பெண் குணலட்சுமியைக் கட்டினான். "எனக்குப் பிள்ளை இல்லை. உனக்கும் இல்லை," என்று இவர் சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நானும் தலையாட்டினேன். புருசன் சொல்லுக்கு ஆடிப் பழகின தலை. அன்றிலிருந்து அவன் முகம் பார்க்கவில்லை.

கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயரிடம் மெல்லத்தான் சொன்னேன்.

யூன் 19

இராசன் செத்துப்போனான். என்ரை பிள்ளை. எங்கடை லொறிக்குள்ளை.

யூன் 27 - பருத்தித்துறை

மிச்சத்தை இன்றுதான் எழுத முடிகிறது. இராசனின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவன் இருந்தபோது நான் மிதிக்காத வீடு.

அன்று பின்நேரம் பஸ் கொண்டக்டர் மார்க்கண்டு படலையில் வந்து நின்றான். "அக்கா, வெளிக்கிடுங்கோ," என்றான். இங்கே கூட்டி வந்து விட்டான். இராசனைக் கிடத்தியிருந்தார்கள். எவ்வளவு மெலிந்திருந்தான்! தாடி வைத்திருந்தான். அது எனக்குத் தெரியாது. அவனுக்கு நெஞ்சில் வருத்தம், மருந்தில் இருந்தான் என்பதும் தெரியாது. இவருக்குத் தெரியும். பொங்கலுக்கு முந்தியே தெரியும்!

குணம்தான் சொன்னாள். "மாமா தவறாமல் வருவார், மாமி. உள்ளுக்கு வரமாட்டார். ஒழுங்கையிலை லொறியை விட்டிட்டு இருப்பார். உங்கடை மகன்தான் போய் முன் சீற்றிலை இருந்து கதைச்சிட்டு வாறவர்."

லொறி கராச்சில் நின்றால் மகனைப் பார்க்க முடியாது. அதுதான். அதற்காகத்தான் நாள் கடத்தினார்.

அன்றைக்கும் இவர் ஒழுங்கையில் நிற்க, இராசனுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போயிருக்கிறது. உடனே யாழ்ப்பாணம் கொண்டு போகவேணும் என்று டொக்டர் சொல்ல, இவர் அவனைத் தூக்கி லொறியில் வைத்து, குணத்தையும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். வல்லை வெளியில் கியர் இறுகிவிட்டது. எஞ்சினும் அடித்து அடித்து நின்றுவிட்டது. ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை. வெயில். மார்க்கண்டுவின் பஸ் வருமட்டும் குணம் சேலைத் தலைப்பால் அவனுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாளாம். பஸ்ஸுக்கு மாற்றும்போது பிள்ளை இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். சுடலையால் வந்து ஈரத்தோடு நின்றார்.

"நான் சொன்ன சொல்லை நானே மீறினன். உனக்கு முன்னாலை வெக்கமாக் கிடந்தது."

வெக்கம்! உங்கடை வெக்கத்துக்கு நான் பெத்த பிள்ளையை உயிரோடை பாக்காமல் விட்டனே - ஐயோ, முன் சீற்றிலை எனக்கும் ஒரு இடம் இருந்திருக்குமே. கேட்டால் சத்தம் போடாமல் வந்து இருந்திருப்பனே.

இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவே இல்லை.

யூலை 4

குணம் சாப்பிடுகிறாள் இல்லை. நான் தீத்தினால் இரண்டு வாய்.

யூலை 20

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. "வீட்டை போவம்," என்றார். நான் குணத்தின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. தனியப் போனார்.

ஓகஸ்ட் 12

மத்தியானம் ஒழுங்கையில் லொறிச் சத்தம். இருமல் இல்லை, முனகல் இல்லை. குணம் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். நானும்தான்.

வேலிக்கு வெளியே நின்று சொன்னார்: "நடராசா ஒயில் மாத்தி, பிளக் எல்லாம் புதுசு போட்டிட்டான். கியர்ப்பெட்டியும் கழட்டிச் செய்தவன்."

"இனி என்னத்துக்கு?" என்றேன். இத்தனை நாளைக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் சொல் அது.

மெலிந்துபோனார். சேட்டுத் தெறி ஓட்டை மாறிப் பூட்டியிருந்தது. திரும்பி லொறிக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். படலையைத் திறந்து உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்து, அடுப்படி வாசலில் நின்று கேட்டார்:

"பிள்ளை, சோறு கிடக்கே?"

குணம் என்னைப் பார்த்தாள். அவளுடைய வீடு. அவள் பலகையை எடுத்துப் போட்டாள். சோறும் மீன்குழம்பும் போட்டாள். இவர் குழைத்தார், வாயில் வைத்தார், விழுங்க முடியாமல் தோள் குலுங்க அழுதார்.

"மெல்லச் சாப்பிடுங்கோ, மாமா," என்றாள் குணம்.

நான் எழும்பிப்போய்ச் செம்பில் தண்ணீர் வார்த்து வந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.