பதினாலைப் பதிமூன்றாக்க

திருவனந்தபுரம்,
செவ்வாய்க்கிழமை.

தம்பி பிரபினுக்கு, அக்கா ரெனி எழுதுவது.

திருப்பூரில் சுகமாக இருப்பாய். அம்மா உனக்குக் கட்டிய பார்சலின் மேலிருந்து விலாசத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன், அவளுக்குத் தெரியாது. முறுக்கு நொறுங்காமல் வந்ததா? அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது.

நாடு முழுக்க அடிதடியும் கத்திக்குத்தும் கூடிவருவதாகத் தினமும் பத்திரிகையில் வருகிறதே, அந்தக் கணக்குக்கு நம் மாவட்டத்து எண்களை ஏற்றுவதுதான் என் வேலை. கொலைமுயற்சி போன மாதம் ஒன்பது, இந்த மாதம் பதினாலு. காலம் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். காலமா போய் அடித்தது? கல்லாறு போகிற வழியில் பைக் உரசியதற்காக அந்தக் காலேஜ் பையன் சுமந்தின் தலையில் இரும்புக் கம்பியால் அடித்தது நீ. அந்தப் பதினாலில் ஒன்று நீ.

எண்ணை வீட்டில் சொன்னது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். நீதானே மோளே கம்ப்யூட்டரில் ஏத்துற, பதினாலைப் பதிமூணாக்கினால் டெல்லிக்காரனுக்குத் தெரியவா போகுது என்று. உன்னைப் படிக்க வைத்ததற்கு இதுகூட இல்லையா என்றார் அப்பா. நீயும் போனில் அதையேதான் கேட்டாயாம். என் பட்டியலில் பேரே கிடையாது, எண்ணை அழித்தால் கேஸ் அழியாது என்று எத்தனை தடவை சொல்வது? அழியும் என்றாலும் அழிக்க மாட்டேன். இந்த வீட்டின் முதல் டிகிரியை நான் அதற்காக வாங்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுமந்துக்கு இடது கை எழவில்லை. அவன் அம்மா பொன்னம்மை, கூடப் படிக்கிற பெண் என்று நினைத்து ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார். சாயா குடிச்சியா மோளே என்றார். ஆபீஸில் யாராவது பேர் கேட்டாலே குரல் இறங்கிவிடும் எனக்கு. அங்கே உன் அக்கா என்று சொல்ல வரவில்லை. அவர் கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தச் சாயாவுக்காக உன்மேல் வருகிற கோபம் இந்தத் தாளில் அடங்காது.

வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கு. வாசலில் நிற்பேன். வக்கீலிடம் பேசியாயிற்று. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடவே வருவேன். நீ வராவிட்டால், இந்த உறையின்மேல் எழுதிய விலாசத்தை அன்றே அங்கே எழுதிக் கொடுப்பேன். வேறு ஊருக்கு ஓடினாலும் அம்மா பார்சல் கட்டுவாள், நான் விலாசம் படிப்பேன்.

கர்த்தர் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். குடை எடுத்து வா, விடாத மழை. அந்த விலாசத்தை என்னை எழுத வைக்காதே பிரபின்.

அக்கா
ரெனி