பதினேழாம் பிரிவும் ஞாயிற்றுக்கிழமை மத்தேயும்

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரன் ஹோராசியோ ஜனாதிபதியாகி எட்டு நாள். மாளிகைக்குக் குடிபோக மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் பழைய வீட்டிலேயே இருக்கிறோம். வாசலில் இரண்டு காவலர்கள். ஐந்து வருடப் பதவி. ஐந்து வருடமும் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

ஞாயிறு வழக்கம்போல எங்கள் பழைய சிநேகிதன் அபரிசியோ வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவனையே சோதனை போட்டார்களாம். "குடுவைக்குள்ள குண்டு இல்ல, வெந்நீர்தான்னு சத்தியம் பண்ணிட்டு வரேன்டா!"

மூன்று பேருக்கும் ஒரே சுரைக்கிண்ணம், ஒரே உறிஞ்சுகுழல். மத்தே இலைமேல் நான் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொடுக்க, அந்தக் கசப்புத் தேநீர் சுற்றி வரும். நேற்றைய விருந்தில் ஒரு வெளிநாட்டுத் தூதர் முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, மரியாதையாக "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தார். பாவம், அப்புறம் யாருமே அவருக்கு ஊற்றவில்லை. நன்றி சொன்னால் 'எனக்குப் போதும், ஆளை விடு' என்று அர்த்தம் என அவருக்கு யார் சொல்வது? அபரிசியோவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

மால்மோவைப் பற்றிப் பேச்சு வந்தது. பழைய ஆட்சி எங்கள் மூவரையும் நாடு கடத்திய உத்தரவு ஒரே தாளில் இருந்தது. பதினேழாம் பிரிவு: அரசுக்கு ஆகாததை எழுதினால் பத்திரிகையை மூடலாம், ஆளைத் துரத்தலாம். பதினோரு வருடம் அந்த வட ஐரோப்பியக் குளிரில் கிடந்தோம். ஊரிலிருந்து ஆளுக்கு வருடம் ஒரு கிலோ மத்தே இலை வரும். குடித்த இலையை அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாய் மேல் காயவைத்து மறுபடி குடித்து, வருடத்தை ஒப்பேற்றுவோம்.

"நூறு நாளில் பதினேழாம் பிரிவை நீக்குவேன்." ஹோராசியோவின் தேர்தல் பேச்சில் அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஐம்பத்துமூன்று நாள் போயிற்று. பிரிவு அப்படியே இருக்கிறது. ஹோராசியோவைக் கேட்டால், "துறைமுக வேலைநிறுத்தம் முடியட்டும்" என்கிறான்.

மே 11, ஞாயிறு

துறைமுகத்தில் போலீஸ் அடித்து இரண்டு தொழிலாளிகளுக்கு மண்டை உடைந்திருக்கிறது. அபரிசியோ தன் வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டான்.

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதாடா? இது நம்ம ஆட்சி" என்றான் ஹோராசியோ.

"அதனாலதான்டா எழுதுறேன். அவனுங்க ஆட்சியா இருந்தா இதுல என்ன செய்தி இருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுகிறவளுக்கு அது ஒரு சௌகரியம் – கை வேலையாக இருந்தால் வாய்க்கு விடுமுறை. கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

ஜூன் 5, வியாழன்

மழை. மழைநாள் வழக்கப்படி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் சொன்னார்கள் – அபரிசியோவின் பத்திரிகைக்கு முப்பது நாள் தடை. பதினேழாம் பிரிவின் கீழ். ஜனாதிபதி கையெழுத்து.

என் வீட்டுக்காரன் கையெழுத்து! காலையில் என் எதிரே உட்கார்ந்துதானே காபி குடித்தான்? ஒரு வார்த்தை சொன்னானா?

வந்ததும் கேட்டேன். "முப்பதே நாள், ஸுல்மா. தற்காலிகம்தான். அப்புறம் பிரிவையே எடுத்துடுறேன்."

"நம்மளத் துரத்தினவனும் தற்காலிகம்னுதான் சொன்னான்."

கருகிய ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்து போனான். கருகியிருந்தது அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனை நினைத்து மட்டும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

நூறாவது நாள்.

அபரிசியோ வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான், அக்குளில் குடுவையோடு. உட்கார்ந்தான். முதல் கிண்ணத்தை அவனுக்குத்தான் ஊற்றினேன். கடைசிச் சொட்டுவரை நிதானமாக உறிஞ்சிவிட்டு என் கையில் கொடுத்தான்.

"நன்றி, ஸுல்மா."

"என்னடா, நீயும் தூதராயிட்டியா?" என்று ஹோராசியோ சிரித்தான். அபரிசியோ சிரிக்கவில்லை. குடுவையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மால்மோவில் சக்கையாகிப்போன இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தபோதுகூட அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாற்பது வருடத்தில் ஒருநாளும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று அபரிசியோ மால்மோவுக்குப் போய்விட்டான். மகள் அங்கேதான் இருக்கிறாள். யாரும் துரத்தவில்லை, அவனாகவே சீட்டு வாங்கினான். நான் மட்டும் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பினேன்.

இன்று காலை நாங்கள் இரண்டே பேர். கிண்ணம் சுற்றவில்லை, போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை கொடுத்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் ஹோராசியோ கேட்டான்:

"எப்போ திரும்பி வருவானாம்?"

"சொல்லல. இலை வாங்கித் தரச் சொன்னான். கொடுத்தனுப்பினேன்."

"எவ்வளவு?"

"அஞ்சு கிலோ. அதே பழைய கணக்குதான், வருஷத்துக்கு ஒண்ணு."

கிண்ணம் ஆறும்வரை அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.