லைட்டைப் போடணும் மாமா

அன்பு மருமகனே, என் கதிரேசா,

ஷார்ஜா முவைலாவில் பதினோரு ஆண்கள் அடைந்து கிடக்கும் வில்லாவின் ஒளித்துறை மந்திரி, உன் மாமன் எழுதுவது. பதவியை இன்னும் ராஜினாமா செய்யவில்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அதுதான் எரிகிறது.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு உன் நினைவாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எதை எழுத?

நம் லைட்டு பிரேக்கர் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விழும். ஒரு இட்லிக்குள் மூன்று அமாவாசை வந்துபோகும். வாசலோரப் பெட்டியைத் திறந்து விசையை மேலே தள்ளுவது என் உத்தியோகம். எவன் எங்கிருந்து "மாமா, லைட்டு" என்றாலும் என் விரல் எனக்கு முன்னால் போய்விடும். ஓனரின் ஆள் வந்தால் "மாஃபி முஷ்கில்", பிரச்சினையே இல்லை என்று புது பிரேக்கரை மாட்டிவிட்டுப் போவான். புதுசும் விழும்.

ஒரு லீவு நாளில், எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த ஜெபல் அலியிலிருந்து நீ வந்தாய்.

"விழ விழத் தூக்கி விடுறதுக்கு அது என்ன உங்க குடிகாரச் சித்தப்பனா மாமா? ஏன் விழுதுன்னு பாக்க வேணாமா?"

"பாரு மாப்ள. துபாய்க்கே கரண்டு குடுத்தவனாச்சே நீ."

ஒவ்வொரு லைட்டாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் பிரேக்கரை ஏற்றிப் பார்த்தாய். குளியலறை லைட்டைக் கழற்றியதும் அது விழாமல் நின்றது. மேலே ஏசி தண்ணீர் கசிந்து ஹோல்டர் ஊறிப்போயிருந்தது. மூன்று வருஷத்து மர்மம், உனக்கு முக்கால் மணி நேரம். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஒயரில் கை வைத்தாய். அதை நான் பார்த்தேன்.

நான் கடைக்குப் போய்ப் புது ஹோல்டரும் லைட்டும் வாங்கி வந்தேன். நடை இருட்டாக இருந்தது. வாசலில் நின்று ரூம்காரர் நாசர் பாயிடம் உன் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். உள்ளே ஸ்டூல் மேலிருந்து உன் குரல்:

"மாமா, லைட்டைப் போடணும்."

மாட்டணும், கொண்டு வாங்க என்று நீ சொன்னாய். எரியவிடணும் என்று என் விரலுக்குக் கேட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவன் என்று பல நாள் திட்டினேன். திட்டி என்ன? போட்டவன் நான்.

ஆயிரம் தடவை விழுந்த பிரேக்கர் அன்று விழவில்லை. நீ விழுந்தாய்.

ஆள்மேல் கரண்டு பாய்ந்தால் விழுவதற்கென்று வேறொரு பிரேக்கர் உண்டாம். பிறகு வந்த பெஷாவர் எலக்ட்ரீஷியன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "வோ இதர் லகாயா ஹி நஹி, பாய்" என்றான். இங்கே வைக்கவே இல்லையாம். இப்போது வைத்தாகிவிட்டது. வில்லா ஜெகஜோதியாக எரிகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

போலீஸ் காகிதத்தில் உன் பெயருக்கு எதிரே சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். போலீஸ் கேட்டபோது "வாசல்ல நின்னேன்" என்றேன். பொய்யில்லை பார், என்ன சாமர்த்தியம். நாசர் பாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

உன் அம்மா போனில் கேட்டாள்: "ஏண்ணே, அம்புட்டு வெவரமான புள்ள, கரண்டை நிப்பாட்டாமயா கைய வச்சான்?"

"ம்" என்றேன்.

மலையைப் புரட்டும் பொய்யெல்லாம் சொன்ன வாய், உன்னை முட்டாளாக்க ஒரே எழுத்தோடு முடித்துக்கொண்டது. பெற்றவள் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தொழில் தெரியாது என்று நினைத்து அழுகிறாள். இதைவிட வேறு என்ன பாவம் பாக்கி வைத்தேன்?

நாளைக் காலையில் அவளைக் கூப்பிடுவேன். அவன் நிப்பாட்டியிருந்தான், நான்தான் போட்டேன் என்று சொல்வேன். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அதற்கப்புறம்தான் இந்தக் கடிதம் சங்கத்துக்குப் போகும். இது சத்தியம்.

அவள் இனி என்னை அண்ணன் என்று சொல்லாமல் போகலாம். அவளுக்கு நான் அண்ணன் இல்லையென்றால் உனக்கும் மாமன் இல்லை. அதனால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உன் தாய்மாமன்,
சுப்பையா