வண்டியில் எத்தனை பேர்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் மானம் மட்டும் நேற்றிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

நீ இருக்கும் நாட்டில் வண்டிகள் வலது பக்கமாக ஓடும் என்கிறாயே, அங்கே வந்து முழிக்கக் கூடாது என்று நேற்று விடிந்ததும் நம் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு குடோன் தெருவுக்குப் போனேன். அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. வலது ஓரமாகவே ஓட்டிப் பழகினேன். நன்றாகத்தான் வந்தது. அந்தத் தெம்பில் தெரு முடிந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பியவன், அங்கேயும் வலது ஓரத்திலேயே போய்விட்டேன். எதிரே பால் வண்டி. பால் வண்டிக்குப் பின்னால் டிராபிக் போலீஸ்காரர். அவர் போன வருஷம்தான் என்னிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினார். நம் காரின் தலையில் 'முறையாக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வேறு. அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போர்டைப் பார்த்தார். "வெளிநாடு போறேன்பா, அதான் பழகிக்கறேன்" என்றேன். "அங்க போய்ப் பழகுங்க சார். இங்க பழகினா டிக்கெட்டே இல்லாம வேற எங்கயாவது போயிடுவீங்க" என்றார். பால் வண்டிக்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மெசேஜ் எழுதினால் நான் அனுப்பும் முன்பே அவள் படித்துவிடுகிறாள். அதனால்தான் ஸ்கூலில் உட்கார்ந்து பேப்பரில் எழுதுகிறேன். பத்தாவதை இரண்டு தடவையாகப் படித்தவன் எழுதுவது; பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

பாப்பா, நாலு நாள் கார் பயணத்துக்கு இவ்வளவு பாடா? முதலில் ஏரி என்றாய். பிறகு மலைப்பாதை என்றாய். உன் அம்மாவுக்கு வளைவு வந்தால் குமட்டும் என்றதும் கடற்கரை ஓரமாக மாற்றினாய். கடற்கரையில் ரூம் கிடைக்கவில்லை என்று மறுபடி ஏரி. நான் ஒவ்வொன்றுக்கும் இன்டர்நெட்டில் ரோடு பார்த்துப் படித்து வைத்தேன். ரவுண்டானாவில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் தட்டை நடுவில் வைத்து, தம்ளரைக் காராக்கி ஓட்டிப் பார்த்ததில் தண்ணீர் கொட்டி உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டுக்குப் போனால், ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த என்னைப் பார்த்து அந்த கிளார்க், "வண்டி ஓட்டத் தெரியுமா பெரியவரே?" என்று கேட்கிறான். பெரியவராம்.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு எரிச்சல் எதிலே என்றால், நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் வருவதில்லை. வண்டியில் எத்தனை பேர்? கேட்டால் நீ ஏரி மேப்பை அனுப்புகிறாய். திரும்பக் கேட்டால் பாலத்து போட்டோ வருகிறது. அழகான பாலம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பாலத்தையா கேட்டேன்?

இங்கே உன் அம்மா நாலு பேர் என்று முடிவு கட்டி யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டாள். "மாப்பிள்ளைக்குக் கால் நீளம், அவர் முன்னாடி உக்காரட்டும். நானும் பாப்பாவும் பின்னாடி" என்கிறாள். மாப்பிள்ளைக்கு என்று ஒரு நீலச் சட்டை எடுத்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே கசங்காமல் வைத்திருந்தாள். நீ வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கும் காரின் படத்தை நான் அவளிடம் காட்டவே இல்லை. அது மூன்று பேரும் மூன்று பெட்டியும் போகிற கார். நாலாவது ஆள் ஏறினால் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கார் விஷயத்தில் உன் அப்பாவை ஏமாற்ற முடியாது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் படத்தை அனுப்பினாயோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். விசாவுக்காக எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டுமாம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "அங்க ஹோட்டல்ல மொத்தம் எத்தனை பேர்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"நாலு" என்றாள் உன் அம்மா.

"மூணு" என்றேன் நான்.

ஒரே நேரத்தில். அந்தப் பெண்ணின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. "சார், நீங்க பேசி முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் உன் அம்மா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். பஸ் வருகிற நேரத்தில், "ஏன் மூணுன்னு சொன்னீங்க?" என்றாள். வாய் குளறிவிட்டது என்றேன். "காலம் பூரா பேசிப் பேசியே பொழைக்கறீங்க. இன்னிக்குத்தான் குளறுச்சாக்கும்" என்றாள். பஸ்ஸில் சீட் பக்கத்துப் பக்கத்தில் காலியாக இருந்தும் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு நான் கார் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது பெட்டி திறந்திருந்தது. நீலச் சட்டையை எடுத்து பீரோவில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பெட்டி கனம் ஜாஸ்தியாகுதுங்க" என்றாள். பெட்டியில் பாதி காலி பாப்பா. நான் "ஆமாமா, ஏர்போர்ட்ல எடை போடுவாங்க" என்றேன். இப்படி இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டிருக்கிறோம். அவளுக்கு எதை வைத்துத் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஸ்கூலுக்குப் பெண்கள் நிறைய வருகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று சிலர், எதிர்வீட்டுக்காரி ஓட்டுகிறாள் என்று சிலர். "ஸ்கூட்டர் ஓட்டுவேன் சார், இது ஈசிதானே?" என்று சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். எப்போதாவது ஒருத்தி வருவாள். கூட யாரும் வர மாட்டார்கள். எதையும் விசாரிக்க மாட்டாள். "எத்தனை நாள்ல தனியா ஓட்டலாம்?" என்று மட்டும் கேட்பாள். கிளட்ச், கியர் என்று நான் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவாள், ஒன்றும் உள்ளே போயிருக்காது. மூன்று தடவை வண்டி நின்று போனாலும் அவளிடம் மட்டும் நான் சத்தம் போட மாட்டேன்.

நீ கல்யாணத்துக்கு முன்னால் என்ன சொன்னாய்? "உங்ககிட்ட திட்டு வாங்கி ஓட்டக் கத்துக்கறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்" என்றாய். நானும் விட்டுவிட்டேன். அங்கே போன பிறகும் மாப்பிள்ளைதான் ஓட்டுவார், நீ பக்கத்தில் தூங்கிக்கொண்டு போவாய். அப்படி இருந்தவள் போன மழைக்காலத்தில் ஒரு நாள் போன் செய்து, அம்மா எங்கே என்று முதலில் கேட்டுவிட்டு, "அப்பா, எத்தனை நாள்ல தனியா ஓட்ட முடியும்?" என்றாய். நானும் வாத்தியார் மாதிரி என்னென்னவோ சொன்னேன். கிளட்சைப் பற்றிப் பெரிய பிரசங்கமே செய்தேன். அங்கே உன் காருக்குக் கிளட்சே கிடையாது என்று நீ சொல்லவும் இல்லை. நான் பேசுவதை நீ பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு மாப்பிள்ளை போனுக்கு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட ஆபீஸ் என்கிறாய். வீடியோவில் உனக்குப் பின்னால் தெரியும் சுவரும் பழைய வீட்டுச் சுவர் இல்லை. பெயின்ட் அடித்ததாகச் சொன்னாய். ஜன்னலையுமா இடம் மாற்றி அடித்தார்கள்?

நான் காரணம் கேட்கவில்லை பாப்பா. வந்த இடத்திலும் கேட்க மாட்டேன், உன் அம்மாவையும் கேட்க விட மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொல்லாவிட்டால் ஏரியைப் பார்ப்போம். டிராவல்ஸ் ஆபீசுக்கு நாளைக்கு நான் மட்டும் போய் மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவளும் சரி என்றுதான் சொல்வாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஓட்டுவது யார் என்று கேட்டிருந்தாய். நீயே ஓட்டு. பால் வண்டி சமாசாரத்துக்குப் பிறகு நான் உரிமை கொண்டாடுவதற்கு ஒன்றும் இல்லை. டயரில் காற்று பார்த்து எடு. வாடகை வண்டியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் எடுக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள், பிறகு நம் தலையில் கட்டுவார்கள். வேளைக்குச் சாப்பிடு. வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இங்க வந்து என் மேல கோவிச்சுக்க மாட்டீங்கல்லப்பா?" என்று கேட்டாய். "இண்டிகேட்டர் போடாம திரும்பினா கோவிச்சுக்குவேன்" என்றேன். நீ சிரித்தாய். அது பாதியில் நின்றுவிட்டது. உன் அம்மா என் பக்கத்தில் நின்று, துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதான்: ஊர் சுற்றி முடித்து எங்களை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட பிறகு, நீ மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை பாப்பா. எங்ககூடவே வந்துடும்மா.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும் என்று மட்டும் நினைக்கும்,
அப்பா