மேல் வரிசைக் கண்ணாடி

சேசு மரி சூசை

மைசூரு,
ஜூலை 6

அன்பு மகன் ஆஷ்லிக்கு,

ஆண்டவர் உன்னையும் நிம்மியையும் காப்பாராக.

ஹால் ஜன்னல் கண்ணாடியை நான் உடைக்கவில்லை. எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது, கையில் கிடைத்ததை உடைக்கிறேன் என்று பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அதைத் திருத்தவே இந்தக் கடிதம். உடைத்தது யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவராவது அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

கண்ணாடி நேற்றுதான் மாற்றப்பட்டது. அக்ரஹாரத்தில் கடை வைத்திருக்கும் ஆறுமுகசாமி, மூன்று முறை நாள் சொல்லி ஏமாற்றிவிட்டு ஒருவழியாக வந்தார். அதுவரை பழைய காலண்டர் அட்டைதான் ஜன்னலை மூடியிருந்தது. மழையில் அது ஊறித் தொங்க, சாரல் அப்பாவின் நாற்காலி வரை வந்தது. நாற்காலியை நகர்த்த என்னால் முடியவில்லை. என் மழைக்கோட்டைப் போட்டு மூடி வைத்தேன்.

ஆறுமுகசாமி கொள்ளேகால் பக்கத்துக்காரர். கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டியிருந்த, கல்லாக இறுகிப்போன பழைய பட்டியை உளியால் சுரண்டிக்கொண்டே, எப்படி உடைந்தது என்று கேட்டார். எல்லாரிடமும் சொன்னதையே சொன்னேன்: பல்லியை விரட்டக் கைத்தடியை ஓங்கினேன், பட்டுவிட்டது. அவர் ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தார். “ஒள்ளே தமாஷு, நல்ல தமாஷு மேடம்! இது மேல் வரிசை. நானே ஏணி போட்டு நிக்கறேன். ஒரு காப்பி டம்ளர நீட்டவே உங்க கை தோளுக்கு மேல ஏறல” என்றார். வந்த வேலையைப் பார்க்கச் சொன்னேன். வேலை முடிந்ததும் சில்லுகளைப் பொறுக்க வெளியே போனவர், குரோட்டன்ஸ் செடிக்குள் கிடந்த அப்பாவின் ஸ்டீல் டார்ச்சை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதன் முகப்பு நசுங்கியிருந்தது. “பல்லி டார்ச்சத் தூக்கிட்டு ஓடிருச்சாட்ட இருக்குது” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பழைய பூப்போட்ட கண்ணாடி இப்போது எங்கும் கிடைப்பதில்லையாம். மற்ற ஐந்தும் பழையவை. அந்த ஒன்று மட்டும் வெறும் கண்ணாடி. எதிர்வீட்டு மாடியில் நிற்கும் ஸ்ரீதேவிக்கு அதன் வழியே என் ஹால் முழுவதும் தெரிகிறது.

கண்ணாடி உடைந்த அன்று மாலை நடந்தது உனக்கு நினைவிருக்கும். முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாய். கையெழுத்துப் போட மறுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளில் ஒரு நாள்கூட நீ அவர் அருகில் உட்காரவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் மருமகள் நிம்மியின் எதிரில் சொல்லியிருக்கக் கூடாது. அது என் தவறு. டார்ச் என் தலைக்கு ஒரு முழம் மேலே போயிற்று. வேண்டுமென்றேதான் உயரமாக எறிந்தாய் என்று நம்புகிறேன்.

சத்தம் கேட்டு ஸ்ரீதேவி ஓடி வந்தபோது, வாசலில் நின்று பல்லிக் கதையைச் சொன்னேன். நீ என் பின்னால் நின்றிருந்தாய். வீட்டுச் சண்டை வாசலைத் தாண்டக் கூடாது என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்றும் அங்கேதான் கற்றேன். அன்று இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை.

நேற்றுமுன்தினம் பூசை முடிந்ததும் இல்லத்தின் தலைமைச் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையிடம் பேசுவதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார். “ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி உங்க கட்டில் ரெடி ஆண்ட்டி. ஜன்னல் பக்கம்தான். ஆனா கண்ணாடி கிடையாது, கம்பி வலை. நீங்க பயப்படவே வேண்டாம்” என்றார். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊருக்குக் கிளம்புமுன் நீ பங்குச் சாமியாரைப் பார்த்திருக்கிறாய். அம்மா தன்னை அறியாமல் பொருள்களை உடைக்கிறாள், அவளே ஒப்புக்கொண்டாள் என்று சொல்லியிருக்கிறாய். இனி என் கையெழுத்து தேவையில்லையாம், மகனுடையதே போதுமாம். உனக்காகச் சொன்ன பொய் அது, ஆஷ்லி.

நீ போன பிறகு மூன்று பூசைகளிலும் நான் பீடத்தருகே போய் நன்மை அப்பம் வாங்கவில்லை. எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சிலேயே இருக்கிறேன். அதையும் மறதி என்கிறார்கள். ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். நான் எதையும் மறக்கவில்லை. அந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லலாம் என்றால், கேட்கப்போகிறவர் நீ பேசிய அதே சாமியார். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் என் பாவத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இல்லத்துக்குப் போகமாட்டேன் என்று இனி அடம்பிடிக்கப் போவதில்லை. மார்ச்சில் குளியலறையில் விழுந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும் காலம் முடிகிறது என்று எனக்கே தெரிகிறது. போகிறேன். ஆனால் ஜன்னலை உடைக்கும் கிழவி என்று பெயர் வாங்கிக்கொண்டு போகமாட்டேன். பெர்னார்டின் மனைவியாக, என் கையால் கையெழுத்திட்டுப் போவேன்.

அதற்கு உன்னிடமிருந்து ஒரு வரி வேண்டும். ‘கண்ணாடியை உடைத்தது நான், ஆஷ்லி’ என்று நீ எழுத வேண்டும். அதைச் சாமியார் ஒருவரிடம் மட்டும் காட்டுவேன். காட்ட வேண்டாம் என்று நீ எழுதினால் காட்டமாட்டேன். அப்போதும் அந்த வரி எனக்கு வேண்டும். இத்தனை பேரிடம் ஒரே பொய்யைச் சொல்லிச் சொல்லி, சில காலைகளில் அந்தக் கைத்தடியை நானே ஓங்கியதுபோலத் தோன்றுகிறது. கட்டிலை நினைத்து நான் பயப்படவில்லை, இதை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

நீ ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். இந்த முறை கோபத்தில் போடவில்லை. புனே எவ்வளவு தூரமானாலும் இப்போது இங்கிருந்தே போடுகிறேன்.

போன் செய்யாதே. பேசியதை நான் மறந்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். இந்த மாதம் முடிவதற்குள், உன் கையெழுத்திலேயே பதில் எழுது.

இப்படிக்கு,
அம்மா
ஜேன் பெர்னார்ட்